பிரிட்ஜை யார் தூக்குவது?

படிவத்தில் பதினான்காவது கேள்வி: "வெள்ளம் வருவதற்கு முன்னர் உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்ததா?" பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஆம், இல்லை.

கொழும்புக்கு அருகே, வெல்லம்பிட்டிப் பக்கம் ஒரு முடுக்கு. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு இன்னும் ஈரமாக இருந்த ஒரு வீட்டில், ஆச்சி ஒருவரிடம் இதைக் கேட்டேன். தனியாக இருப்பவர், மகன் கட்டாரில். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கெடச்சிச்சு மகள். முந்தின நாள் பின்னேரமே பள்ளி ஸ்பீக்கர்ல சொன்னாங்க. கிராம சேவகர் மாத்தயாவும் வந்து சொல்லிட்டுப் போனாரு. பக்கத்து வீட்டுப் பொடியன் போன்லயும் காட்டினான்."

ஆம் பெட்டியில் சரி போட்டேன். அடுத்த கேள்விக்குப் போக வாயெடுத்தபோது ஆச்சி கேட்டார்:

"கெடச்சிச்சு, சரி. பிரிட்ஜ யார் தூக்குறது?"

பிரிட்ஜ் வாசலில் மல்லாந்து கிடந்தது. கதவு ரப்பருக்குள் சேறு அப்பியிருந்தது. உள்ளே ஒரு மீன் சட்டி மூடியோடு அப்படியே. ஆச்சியின் கேள்வியை எழுத என் தாளில் இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்தேன். அந்த ஓரத்தைக் கணினியில் யாரும் ஏற்றவில்லை. நான் நாட்கூலிக்குக் கணக்கெடுத்துக் கொடுத்த அந்த நிறுவனத்தின் அறிக்கையில் ஆச்சி வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிட்டார். எச்சரிக்கை சென்றடைந்தோர் என்ற நிரலில் ஓர் ஆள்.

நானும் அந்த நிரலில் சேரவேண்டியவள்தான். 2016 மே மாதம், அரநாயக்கவில் மலை சரிந்த அதே வாரம், களனி கங்கை எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்குச் செய்தி வந்திருந்தது. வாசித்தேன். "இங்க எங்க வரப்போகுது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். விடியும்போது செருப்பு மிதந்தது. அம்மாவின் ஜூக்கி மெஷினின் மோட்டார் அன்றோடு போனது. இழப்பீட்டுப் படிவத்தில் அதை "தையல் இயந்திரம் 1" என்று எழுதினோம். சட்டை தைத்து வந்துகொண்டிருந்த காசு எத்தனை மாதம் நின்றது என்று கேட்க அந்தப் படிவத்திலும் பெட்டி இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. முன்னெச்சரிக்கை என்ற ஒன்று பயன்பட்டதா இல்லையா என்று எதை வைத்து அளப்பது?

களனி கங்கைக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. நாகலகம் வீதியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மானி. கொழும்பில் கங்கைக் கரையோரம் இருப்பவர்களிடம் "நாகலகம் எவ்வளவு?" என்று கேட்டால் போதும், கங்கை என்று சொல்லவே வேண்டாம். 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். மேலே ஹங்வெல்லவில் இதுவே மீட்டர் கணக்கு: 7, 8, 10. ஹங்வெல்லவில் 7 என்று கேட்டுவிட்டு, நாகலகம் 7 என்று நினைத்து எங்கள் முடுக்கில் ஒருவர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடிய கதையும் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே கங்கைக்கு இரண்டு அளவு வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு மீட்டரில் அறிவித்தாலும் எங்கள் வாய் அடியில்தான் பேசுகிறது.

ஆனால் 5 அடி என்றால் என்ன? என் வாசற்படிக்கு அதற்கு அர்த்தம் என்ன? அதைத் திணைக்களம் சொல்ல முடியாது, கங்கைக்கும் என் படிக்கும் நடுவே கித்தம்பஹுவக் கால்வாய் இருக்கிறது, அடைபட்ட வடிகான் இருக்கிறது, யாரோ உயர்த்திக் கட்டிய மதில் இருக்கிறது. போதாததற்குக் கடல் பக்கத்தில். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கங்கைத் தண்ணீர் முகத்துவாரத்தில் தேங்கித்தான் வடியும்.

எங்கள் முடுக்கில் இதற்கு ஒரு மொழிபெயர்ப்பு அட்டவணை உருவானது. யாரும் திட்டம் போடவில்லை. ஆட்டோ ஓட்டும் ஒரு நானா, கடைசி வீட்டு அக்கா, நான். லைட் போஸ்ட்டில் முதலில் சோக்கால், பிறகு பெயின்டால் கோடுகள். நாகலகம் இன்ன அளவு இருந்தபோது கானில் தண்ணீர் பின்னோக்கி ஓடத் தொடங்கியது, இன்ன அளவில் கடைசி வீட்டுக் குசினி, இன்ன அளவில் கடை வாசல். அக்காதான் இதில் கெட்டி. கானில் தண்ணீர் திரும்புவதை அவர் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, மணத்தால் கண்டுபிடித்தார். கான் மூடிக்குள்ளிருந்து ஒரு புளித்த வாடை எழும்பினால் இன்னும் நாலைந்து மணித்தியாலம்தான் என்பார். நான் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எந்த நீர்மானியும் தராத தகவல் அது. அதை அளவீட்டு அறிக்கைக்குள் எந்தத் தலைப்பில் போடுவது என்று யாருக்கும் தெரியாது என்பதால் அது எங்கேயும் இல்லை.

சமூகம் தானே நடத்தும் முன்னெச்சரிக்கை என்றால் பொதுவாகத் தொண்டர் குழு, மஞ்சள் ஜாக்கெட், ஒலிபெருக்கி, ஒத்திகை என்று படம் பிடித்துக் காட்டுவார்கள். கொழும்புத் தமிழர்கள் பலருக்கு அதற்கெல்லாம் முந்திய முறை ஒன்று இருக்கிறது. மலையகத்துச் சொந்தம்.

எங்கள் மாமா நோர்வூட்டில், லயத்து வீட்டில். அங்கே மழை கூடினால் போன் வரும். "மழ விடாம அடிக்குது புள்ள. ரோட்டுல தண்ணி போகுது. சாமான ஏத்தி வைங்க." அம்மாவுக்கு அண்ணன் சொன்னால் வேதவாக்கு. உடனே அரிசி வாளி கட்டிலுக்கு ஏறும்.

ஒரு கொப்பி எடுத்து மாமாவுக்கு மார்க் போடத் தொடங்கினேன். மாமாவிடம் சொல்லவில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். நாலு கட்டங்கள். சொன்னார், தண்ணீர் வந்தது. சொன்னார், வரவில்லை. சொல்லவில்லை, வந்தது. சொல்லவில்லை, வரவும் இல்லை. சில வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது கட்டம் நிரம்பி வழிந்தது. சொன்னதில் கால்வாசிகூடப் பலிக்கவில்லை.

காரணம் மாமாவிடம் இல்லை, வரைபடத்தில் இருந்தது. நோர்வூட்டில் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா வழியாக முதலில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் போகிறது. மஸ்கெலியாப் பக்கத்து மழை மவுஸ்ஸாக்கலைக்குள். பழைய மஸ்கெலியா நகரத்தையே விழுங்கிய நீர்த்தேக்கம் அது, வற்றும் காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும். ஆக, மாமாவின் மழை கொழும்புக்கு வருமுன் பெரும்பாலும் மின்சாரமாகிவிடுகிறது. தேக்கங்கள் நிரம்பி வான் பாயும் நாட்களில் மட்டும் அவர் சொல்வது எங்களுக்கு நேரே பொருந்தும். எங்களை மூழ்கடிப்பது பெரும்பாலும் அதற்குக் கீழே, கித்துல்கல, யட்டியந்தோட்டை, தெரணியகல பக்கத்து மழை. தெரணியகலவிலிருந்து வரும் சீதாவாக்கை கங்கையை வழியில் மறித்து வைக்கப் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. எனவே எங்கள் முடுக்குக்கு வேண்டியது தெரணியகலவில் ஒரு மாமா. உறவு பார்க்காமல் சொன்னால் அதுதான் கணக்கு.

இந்த நாலு கட்டக் கணக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. 1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்ற இராணுவ வானிலையாளர் டொர்னாடோ என்ற சூறாவளிச் சுழல்களை முன்கூட்டிச் சொல்லத் தொடங்கினார். 2,803 கணிப்புகளில் 96.6 சதவீதம் சரி என்று பெருமைப்பட்டார்கள். உடைத்துப் பார்த்தால், வரும் என்று 100 தடவை சொன்னதில் வந்தது 28. உண்மையில் வந்தவை 51. மீதி எல்லாம் வராது என்று சொல்லி வராமல் இருந்த தடவைகள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் "வராது" என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் எடுத்திருப்பார்!

வெள்ளமும் இப்படித்தான். வருஷத்தில் அநேக நாட்கள் வெள்ளமில்லா நாட்கள். "எங்கள் முறை 95 சதவீதம் துல்லியம்" என்று யாராவது மேடையில் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, வராத நாட்களைக் கழித்துவிட்டு எவ்வளவு என்பதுதான்.

மாமாவைப் பணிநீக்கம் செய்துவிட்டேனா? இல்லை. கொப்பியில் ஐந்தாவதாக ஒரு நிரல் சேர்த்தேன்: போன் வந்த பிறகு வீட்டில் என்ன நடந்தது. அங்கேதான் மாமா வெல்கிறார். அவர் அழைத்த ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து ஹங்வெல்ல அளவைப் பார்த்திருக்கிறேன். திணைக்களத்தின் அறிவித்தல் வந்த நாட்களில் பார்த்ததும் உண்டு, விரலால் தள்ளிவிட்டதும் உண்டு. எச்சரிக்கை சரியா பிழையா என்பது ஒரு அளவு. எச்சரிக்கை ஆளை எழுப்பியதா என்பது வேறு அளவு. மாமா முதலாவதில் தோல்வி, இரண்டாவதில் முதலிடம்.

பொய்யாகிப்போகும் எச்சரிக்கைக்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பது யார் என்பதில்தான் விஷயம். சம்பளத்துக்கு வேலை செய்பவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். எங்கள் முடுக்கில் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்கினால்தான் அன்றைய காசு. ஒருநாள் சாமான் ஏற்றி இறக்கியதில் அந்த நாள் கூலி போனது, தண்ணீரும் வரவில்லை. அடுத்த தடவை அவர் சொல்வார், "போன முறையும் இப்பிடித்தான் சொன்னாங்க." இதை எச்சரிக்கையின் மீதான அவநம்பிக்கை என்று அறிக்கைகள் எழுதும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கூலியைக் கணக்குப் பார்க்கிறார், அவ்வளவுதான். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போகாமல் மாடியில் ஒருவராவது காவலுக்கு நிற்பதும் இதே கணக்கு. தண்ணீர் விட்டுவைத்ததைக் கள்ளன் கொண்டுபோவான் என்ற பயம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு.

உலக அளவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் ஒன்று இருக்கிறது: 24 மணித்தியாலம் முன்னதாகச் சொன்னால் சேதம் 30 சதவீதம் குறையும். தகவமைப்புக்கான உலக ஆணைக்குழு 2019இல் புயலையும் வெப்ப அலையையும் பற்றிச் சொன்னது. பிறகு அது எல்லா அனர்த்தத்துக்கும் எல்லா ஊருக்கும் ஒட்டப்பட்டது. எனக்கு அந்த எண்ணோடு சண்டையில்லை. ஆனால் 24 மணித்தியாலம் ஆச்சிக்கும் எனக்கும் ஒன்றா? மகன்மார் மூவர் உள்ள வீட்டுக்கு இரண்டு மணித்தியாலமே போதும். ஆச்சிக்கு இரண்டு நாள் கொடுத்தாலும் பிரிட்ஜ் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

தவிரவும், வராத சேதத்தை எப்படி எண்ணுவது? கெட்டுப்போன பிரிட்ஜை எண்ணலாம். தப்பிய பிரிட்ஜ் வீட்டுக்குள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். 2016ஐயும் பின்னால் வந்த வெள்ளம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, சேதம் குறைந்தது, எங்கள் திட்டத்தால்தான் என்று காட்டுவார்கள். இரண்டு வெள்ளமும் ஒரே உயரமா, பகலில் வந்ததா நடுச்சாமத்தில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. முதல் வெள்ளத்தில் எல்லாம் போன வீட்டில் இரண்டாவது வெள்ளத்துக்குப் போக என்ன மிச்சமிருந்தது என்றும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் 2016க்குப் பிறகு நாலு வருஷம் அலுமாரியே வாங்கவில்லை. அந்த நாலு வருஷத்தில் வெள்ளம் வந்திருந்தால் நாங்கள் "சேதம் குறைந்த குடும்பம்".

பங்களாதேஷைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது 3 இலட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு செஞ்சிலுவை ஆதரவோடு புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது, ஊர்த் தொண்டர்கள் மெகாபோனோடு வீடு வீடாகப் போவார்கள். 1991இல் ஏறத்தாழ 1,38,000 பேர், 2007 சிடர் புயலில் 3,400 பேரளவு, 2020 அம்பன் புயலில் சில பத்துப்பேர் என்று இறப்பு இறங்கியது. கண் கலங்க வைக்கும் இறக்கம்தான். இருந்தாலும் அதே காலத்தில் அங்கே புகலிடக் கட்டடங்கள் எழும்பின, கரைக்கட்டுகள் வந்தன, சாலை வந்தது, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்து எடுப்பது குழம்பிலிருந்து புளியை மட்டும் திரும்ப எடுப்பது மாதிரி. நேபாளத்தின் கர்ணாலி ஆற்றில் சிசாபானி நீர்மானி காப்பாளர் கீழ்நிலக் கிராமங்களுக்குப் போன் எடுக்கும் முறை எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. ஓர் ஆள், ஒரு கோல், ஒரு போன். கிட்டத்தட்ட மாமா, ஆனால் சரியான இடத்தில் உட்கார வைக்கப்பட்ட மாமா.

இப்போது மொழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் மலையக மாவட்டங்கள் பட்ட பாடு பெரிது. கங்கை கொழும்பில் மறுபடியும் 2016ஐ நினைவுபடுத்தியது. அந்த நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் போதவில்லை, பிந்தின என்ற குறை பரவலாக எழுந்தது. தமிழ் 1987இலிருந்து அரசியலமைப்பில் அரச கரும மொழி.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சிங்களத்தில் ஒரு அறிவித்தல் படமாக வரும். நானா சிங்களம் பேசுவார், ஆனால் வாசிக்க வராது. எனக்கு வாசிக்க வரும், ஆனால் வேலையில் இருப்பேன். முடுக்கின் முதல் வீட்டுத் தங்கச்சி, ஏ.எல். படிக்கிறவள், டியூசன் முடிந்து வந்து குரல்பதிவாகப் போடுவாள். "எல்லாரும் கேளுங்க, இன்னைக்கு ராவைக்குள்ள கங்க இன்னும் ஏறுமாம்." அந்தப் படம் வந்த நேரமும் இந்தக் குரல் வந்த நேரமும் போனிலேயே பதிவாகியிருக்கும். கழித்துப் பார்த்தேன். ஒரு தடவை மூன்று மணித்தியாலமும் சொச்சமும். அறிவித்தல் தந்தவர்களின் ஏட்டில் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் பன்னிரண்டு என்றால் எங்கள் ஏட்டில் எட்டரை. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். எல்லார் போனிலும் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ஐ.நா. செயலாளர் நாயகம் குட்டெரெஸ் 2022இல் "அனைவருக்கும் முன்னெச்சரிக்கை" என்று அறிவித்து 2027ஐ இலக்காக வைத்தார். அதற்கு நாலு கால்: ஆபத்தை அறிவது, அவதானித்துக் கணிப்பது, சேதியைக் கொண்டுசேர்ப்பது, கேட்டவர் செயற்படத் தயாராக இருப்பது. முதல் மூன்றுக்கும் எண்கள் சுலபம். எத்தனை நீர்மானி, எத்தனை வரைபடம், எத்தனை குறுஞ்செய்தி. நாலாவதற்கு வரும்போது எல்லாரும் "பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை" என்று எழுதிவிட்டு எழும்புகிறார்கள். பயிற்சியில் நானும் இருந்திருக்கிறேன். மதியம் நல்ல புரியாணி.

என்னிடம் கேட்டால் பதினான்காவது கேள்வியை எடுத்துவிட்டு இப்படி வைப்பேன்: முதல் சாமானை எத்தனை மணிக்குத் தூக்கினீர்கள்? எதை? யார் யார் சேர்ந்து? எதைத் தூக்க முடியவில்லை?

டித்வா வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் முடுக்கில் நானும் தங்கச்சியுமாக இதைக் கேட்டுக்கொண்டு போனோம். வாய் திறந்தவர்கள் மூடவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு வரிசை இருந்தது. முதலில் பத்திரப் பை: ஐடென்டிட்டி கார்ட், பிறப்புச் சான்றிதழ், உறுதி. அடுத்து பிள்ளைகளின் கொப்பி, புத்தகம். அரிசி. கேஸ் சிலிண்டர், அது மிதந்து போய்விடும். டி.வி. தையல் மெஷின். கடைசியில் பிரிட்ஜ், ஏனென்றால் அதற்கு நாலு பேர் வேண்டும், அந்த நேரத்தில் நாலு பேரும் அவரவர் வீட்டில். எந்த வீட்டில் வரிசை எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்தால் போதும், எச்சரிக்கை எவ்வளவு பயன்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வீடு சிலிண்டரோடு நின்றது. ஒரு வீடு டி.வி.யோடு. ஒரு வீட்டில் பத்திரப் பையே தப்பவில்லை, அந்த வீட்டு அண்ணன் செய்தியை எல்லாருக்கும் முதலில் பார்த்தவர்.

ஆச்சிக்கு மகன் புது பிரிட்ஜ் வாங்கிக் கொடுத்திருந்தார். இந்த மழைக்காலத்தில் ஒருநாள் பின்னேரம் நாகலகம் நாலு அடியைத் தாண்டியது. அக்கா கான் மணக்குது என்றார். நானா, நாட்டாமி அண்ணன், பக்கத்து வீட்டுப் பொடியன், நான். முதலில் ஆச்சி வீடு என்று முன்பே பேசி வைத்திருந்தோம். 4.20க்குப் பிரிட்ஜ் இரண்டு மேசைக்கு மேல். ஆச்சி குழம்புச் சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிளக்கைத் தானே கழற்றினார். நான் கொப்பியில் நேரம் குறித்தேன்.

தண்ணீர் வரவில்லை. ராத்திரி மழை விட்டது, கங்கை இறங்கியது. மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டோம். அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பிரிட்ஜ் இன்னும் மேசைமேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி முக்காலி போட்டு ஏறி நின்று உள்ளேயிருந்து பச்சைமிளகாய் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி, இன்னும் எறக்கலியா?"

"எறக்க யார் இருக்கா மகள்?"